ஏழாவது படியில் எட்டு மாதம்

கேள்வி: கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், நான்காம் ஆண்டு. 12 படிகளில் ஒரு மூலக்கூறைக் கட்ட வேண்டும். ஏழாவது படி எட்டு மாதமாக நகரவில்லை. நாள் முழுக்கக் காலம் ஓட்டுகிறேன், கிடைப்பது கறுப்புத் தார். மருந்து நிறுவனம் ஒன்று வேலைக்கு அழைக்கிறது. "கம்பெனிக்குப் போனால் ஆராய்ச்சியை மறந்துவிடு" என்கிறார் நெறியாளர். போகட்டுமா?

பதில்: 'காலம் ஓட்டுகிறேன்' என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். சிலிக்கா ஜெல் முன்னால் நின்று சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாக நிரப்பியவர்களுக்கு அதன் இரண்டு அர்த்தமும் தெரியும்: ஒன்று நேரத்தைக் கடத்துவது, மற்றது சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாய் (column) வழியாகக் கலவையை வடித்துப் பிரிப்பது.

படிக்கு 85 விழுக்காடு விளைபொருள் கிடைத்தாலும், ஆறு படி தாண்டும்போது 38 விழுக்காடுதான் மிஞ்சும். பன்னிரண்டும் முடிந்தால் 14. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சரக்கைத் தாராக்காதீர்கள். அதே வினைத்தொகுதி (வினையில் பங்கெடுக்கும் அணுக்கூட்டம்) உள்ள, எளிதில் கிடைக்கும் ஒரு சேர்மத்தில் முதலில் முயலுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு சொட்டு, பதினைந்தில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று எடுத்து, ஒரே டி.எல்.சி. தட்டில் (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) பக்கம் பக்கமாக வைத்துப் புற ஊதா விளக்கில் பாருங்கள். 'இரவு முழுவதும் கலக்கவும்' என்று ஆய்வுக் கட்டுரையில் இருந்ததை நம்பி நான் நான்கு மாதம் வீணடித்தேன். என் விளைபொருள் ஐந்தாவது நிமிடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளியாக வந்து, ஒரு மணி நேரத்தில் இழுவிப்போய்க் காணாமலே போயிருந்தது. வினை நடந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் தாமதமாகப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நெறியாளர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1856இல், 18 வயதில், மலேரியா மருந்தான குயினைனைச் செய்யப் போன ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் பெர்கினுக்கும் தார் மாதிரிக் கறுப்புக் கசடுதான் கிடைத்தது. அதிலிருந்துதான் மாவ் என்ற ஊதாச் சாயத்தைப் பிரித்தெடுத்தார். ஆசிரியர் ஹாஃப்மன் தடுத்தும் கேட்காமல் சாயத் தொழிற்சாலை தொடங்கினார். அதை நடத்திக்கொண்டிருந்தபோதே, 1868இல் கூமரின் என்ற மணப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்தார். அந்த வகை வினைக்கு இன்றும் அவர் பெயர்தான். 1874இல் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஆய்வுக்கே திரும்பினார்.

ஆனாலும் இப்போது போகாதீர்கள் என்பதே என் கருத்து. பட்டம் இல்லாமல் சேர்ந்தால், எந்த மூலக்கூறைச் செய்வது என்று முடிவெடுக்கும் இடத்துக்கு வருவது பல நிறுவனங்களில் கடினம். ஆறு மாத அவகாசம் கேளுங்கள். நெறியாளரிடம் மாற்று வழித்தடம் ஒன்றை வரைந்து காட்டுங்கள். அதைப் பார்க்கக்கூட மறுத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன், கிளம்பிவிடுங்கள்.

எந்தப் பிரிவுக்கு எடுக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கண்டுபிடிப்புப் பிரிவென்றால் மில்லிகிராம் கணக்கில் நிறையச் சேர்மங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஓரங்கட்டப்படும். உற்பத்தி முறைப் பிரிவென்றால் ஒரே சேர்மம், கிலோ கணக்கில். அங்கே பெரும்பாலும் படிகமாக்கித்தான் சுத்தம் செய்வார்கள். காலம் ஓட்டும் வேலை அவ்வளவாக இருக்காது.