சிரிக்க வைத்தது யார்? – கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் முன்பு எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு ஜூலியா ஸ்வீனியின் 'காட் செட் ஹா' மேடை நிகழ்ச்சியின் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஜூலியாவின் தம்பிக்குப் புற்றுநோய். அவரைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் அம்மாவும் வந்து சேர்கிறார்கள். கடைசியில் ஜூலியாவுக்கே புற்றுநோய். இதையெல்லாம் சொல்லி அந்தப் பெண்மணி ஒரு அரங்கையே சிரிக்க வைக்கிறார். நானும் சிரித்தேன். முடிந்தபிறகு குற்றவுணர்ச்சியாகிவிட்டது.

என் அக்கா மார்பகப் புற்றுநோயில் போனாள். கீமோ நாட்களில் கூட இருந்தவள் நான். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி பார்க்க வந்து, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்துவிட்டார். அவர் படியிறங்கியதும் அக்கா, "இவ அழுத அழுகைக்கு நான்தான் எழுந்து காபி போட்டுக் குடுத்திருக்கணும் போலிருக்கே" என்றாள். வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தோம். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் கேள்விகள் இவைதான். வீட்டுக்குள் நடந்த சாவை டிக்கெட் போட்டுக் காட்டுவது சரியா? சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் புத்தகமாக எழுதினால் போதாதா, மேடை எதற்கு? நம் ஊரில் சாவு வீட்டில் சிரித்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வகையில் வேறு என்ன பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ர.,
மதுரை

(பெயரைத் தவிர்த்துவிட்டு வெளியிடலாம்.)

*

அன்புள்ள ர.,

நீங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்து அந்த நிகழ்ச்சியில் அரங்கம் அதிரச் சிரிக்கும் இடம், ஜூலியாவுக்கும் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வருவது. தம்பி மைக் படுத்த படுக்கையாக இருக்கும் நேரத்தில் அக்காவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் மைக், எல்லார் கண்ணும் என்மேலேயே இருந்தது உனக்குப் பொறுக்கவில்லை, இல்லையா, என்கிற பொருளில் அக்காவைச் சீண்டுகிறார். அந்தச் சிரிப்பு தம்பியுடையது. சாகக் கிடந்தவன் சொன்னது. ஜூலியா அதைக் கேட்டு, மறக்காமல் வைத்திருந்து, அவன் சொன்ன மாதிரியே நமக்குச் சொல்கிறார்.

உங்கள் குற்றவுணர்ச்சிக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த நிகழ்ச்சி முழுக்க நல்ல வசனங்களெல்லாம் யாருடையவை என்று இன்னொருமுறை பார்க்கும்போது கவனியுங்கள். ஜூலியா தொழில்முறை நகைச்சுவைக் கலைஞர். 1990 முதல் 1994 வரை 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருந்தவர். அதில் அவர் செய்த பேட் என்கிற, ஆணா பெண்ணா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாத்திரத்தை அமெரிக்காவில் அந்தத் தலைமுறைக்கே தெரியும். பத்து பேர் இருக்கும் அறையில் தன்னால்தான் அதிகம் சிரிக்க வைக்க முடியும் என்று அறிந்தவர். ஆனால் இந்த மேடையில் அவர் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, தம்பியையும் அம்மாவையும் அப்பாவையும் முன்னால் விடுகிறார். குடும்பத்தை விற்க நினைப்பவர் இப்படிச் செய்யமாட்டார்.

அம்மா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். விவாகரத்து ஆகி, நடித்த படமும் தோற்று, இனித் தனியாக நிம்மதியாக இருக்கலாம் என்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்ன வீடு வாங்குகிறார் ஜூலியா. தம்பிக்கு லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும் தம்பி அங்கே வருகிறார். பின்னாலேயே வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேனிலிருந்து பெற்றோரும் வந்துவிடுகிறார்கள். மகள் சமைக்கும் பாஸ்தா அம்மாவுக்கு வெறும் நூடுல்ஸ். அதன்மேல் ஊற்றும் மரினாரா என்கிற தக்காளிச் சாஸ் என்னவென்று தெரியாமல், மேலே போடும் சிவப்புச் சமாச்சாரம்தானே என்று கேட்கிறார். ஜூலியா அம்மாவின் குரலில் அதைச் சொல்லும்போது கேலி துளியும் இல்லை என்பதைப் பாருங்கள். மகன் பிழைப்பானா என்று தெரியாத ஒரு தாய், தனக்குப் பழக்கமில்லாத சமையலறையில் நின்றுகொண்டு, எதையாவது சமைத்துப் போட்டுவிட வேண்டும் என்று தவிக்கிறாள். நாம் சிரிக்கிறோம், அந்தத் தவிப்பும் உள்ளே போய்விடுகிறது. 'என் அம்மா பாவம், மிகவும் வேதனைப்பட்டார்' என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன். புத்தகம் போதாதா?

ஜூலியா விஷயத்தில் முதலில் வந்தது பேச்சுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் 'அன்-காபரே' என்று ஒரு நிகழ்ச்சி நடந்துவந்தது. தயாரித்து மெருகேற்றி வைத்திருக்கும் ஜோக்குகளை அங்கே சொல்லக்கூடாது. வாழ்க்கையில் நடந்துகொண்டிருப்பதை வந்து பேச வேண்டும். வீட்டில் தம்பி படுத்திருந்த நாட்களிலேயே ஜூலியா அங்கே போய் அந்தந்த வாரத்துக் கதையைச் சொன்னார். அது வளர்ந்து முழு நிகழ்ச்சியாகி, 1996இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில், லைசியம் தியேட்டரில் ஏறியது. புத்தகம் அதற்குப் பிறகுதான். நீங்கள் பார்த்த படம் 1998இல் அவரே இயக்கியது.

மாறாக, புத்தகத்திலிருந்து மேடைக்குப் போனவர் சாண்ட்ரா ட்சிங் லோ. சீன அப்பாவுக்கும் ஜெர்மானிய அம்மாவுக்கும் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். கால்டெக் என்கிற புகழ்பெற்ற அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு நகைச்சுவைக்கு வந்தவர். சிக்கனத்துக்குப் பேர்போன அவருடைய அப்பா, மனைவி இறந்த பிறகு வயதான காலத்தில் சீனாவிலிருந்து பெண் தேடிய கதையைத் தொண்ணூறுகளிலேயே தனி ஆளாக மேடையில் சொன்னார். பிறகு, மாதவிடாய் நிற்கும் வயதில் தன் மணவாழ்க்கை உடைந்ததையும், பெண் பிள்ளைகளை வளர்த்ததையும், முதிய அப்பாவோடு பட்ட பாட்டையும் 'தி மேட்வுமன் இன் தி வால்வோ' என்று நினைவுக்குறிப்பாக எழுதினார். 2014இல் புத்தகம், 2016இல் கலிஃபோர்னியாவின் சவுத் கோஸ்ட் ரெப்பர்ட்டரியில் நாடகம். மேடையில் மூன்று பெண்கள். ஒருவர் சாண்ட்ரா. மற்ற இருவர் கணவன், மகள்கள், அப்பா, தோழிகள் என்று மாறி மாறி வருவார்கள்.

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புத்தகத்தில் எல்லாரும் எழுதுகிறவரின் வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறார்கள். கணவனைப் பற்றி நான் ஒரு தீர்ப்பு எழுதினால் அவர் பதில் பேச முடியாது. மேடையில் ஒரு நடிகை கணவனாக எதிரே நின்றுவிட்டால் அவர் பேசித்தான் ஆகவேண்டும். அவர் பக்கத்து நியாயம் சபைக்குக் கேட்டுவிடும். ஜூலியாவைப் போலத் தனி ஆளாக நின்றால் இன்னும் கடினம். அம்மாவைக் குறை சொல்லும் அதே வாயால் அம்மாவாகவும் பேச வேண்டும். அவர் எப்படிக் கழுத்தைத் திருப்புவார், எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவார் என்று உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வெறுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. செய்தால் பொய்யென்று மூன்றாவது நிமிடத்தில் சபைக்குத் தெரிந்துவிடும். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுபதாயிரம் சொற்கள் கொண்ட ஒரு நினைவுக்குறிப்பை வாய்விட்டுப் படித்தால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். மேடையில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதிலும் சபை சிரித்து அடங்கும் நேரம் போய்விடும். ஆக ஆறில் ஐந்து பங்கை வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவார்கள்? முதலில் போவது விளக்கங்கள்தான். 'அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது' என்கிற பத்திகள், மன்னிப்புகள், நியாயப்படுத்தல்கள். மிஞ்சுவது ஆட்கள் பேசியதும் செய்ததும். உங்கள் கடிதத்தையே பாருங்கள். அக்காவைப் பற்றி நாலைந்து வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அவர் எப்படிப்பட்ட மனுஷி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோயின் எந்தக் கட்டம், எத்தனை கீமோ என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

டிக்கெட் விஷயம். பிராட்வேயில் வாரத்துக்கு எட்டு காட்சிகள் நடத்துவது வழக்கம். வாரத்துக்கு எட்டு முறை தம்பி சாகிறான். எட்டு முறை அவன் குரலில் அந்தக் கிண்டலைச் சொல்ல வேண்டும், பிறகு அவன் இல்லாத வீட்டுக்கு வர வேண்டும். இது உழைப்பு. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. துக்கத்தைப் பாட்டாக எழுதியவனுக்குப் பணம் கொடுக்கிறோம், நாவலாக எழுதியவனுக்குக் கொடுக்கிறோம். சிரிக்க வைத்தவரிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்க வேண்டும்?

சாவு வீட்டில் சிரித்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வட தமிழகத்தில் காரியத்தன்று 'கர்ண மோட்சம்' கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. இழவு வீட்டார் முன்னாலேயே இரவு முழுக்க ஆடுவார்கள். கர்ணன் சாகப்போகும் அந்தக் கதையிலும் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைக்கத்தான் செய்வான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் சிரிப்பார்கள். வாயைப் பொத்தச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருப்பது உண்மைதான், ஆனால் அது மட்டுமே நம் வழக்கம் இல்லை.

எனக்குத் தயக்கம் உள்ள இடமும் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். ஜூலியா பிறகு சீனாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். எட்டு வயது மகள் பள்ளியில் தவளைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கத் தொடங்க, அது தவளையிலிருந்து மனிதர்கள்வரை போய்ச் சேரும் உரையாடலை 2010இல் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் சொன்னார். பிரமாதமான பேச்சு, நானும் சிரித்தேன். ஆனால் தம்பி மைக்குக்கும் இந்தக் குழந்தைக்கும் வித்தியாசம் இருக்கிறது. மைக் வளர்ந்த மனிதர். தன் நோயைத் தானே கேலி செய்தவர். எட்டு வயதுக் குழந்தை சிரிக்க வைப்பதற்காக அதைக் கேட்கவில்லை. பதினாறு வயதில் அதே பேச்சை அவள் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். குழந்தைகளை மேடையேற்றுவதில் நகைச்சுவைக் கலைஞர்கள் இன்னும் கொஞ்சம் கைகட்டி நிற்கலாம் என்பது என் எண்ணம். குடும்பத்தில் யாரைச் சொல்லலாம், யாரைச் சொல்லக்கூடாது என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான்: அந்த ஆள் தானே அந்தச் சிரிப்பில் பங்கெடுத்தாரா? உங்கள் அக்கா எடுத்தார். அவர்தான் தொடங்கியும் வைத்தார். அதை இத்தனை நாள் நீங்கள் யாரிடமும் சொல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அக்காவைத் தெரிந்தவர்கள் வீட்டில் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். அழுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து என்ன பார்க்கலாம் என்றால், முதலில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில்லி கிறிஸ்டலின் '700 சண்டேஸ்'. 2004இல் பிராட்வேயில் தொடங்கியது, 2014இல் எச்பிஓ தொலைக்காட்சியில் அதன் பதிவு வந்தது. இரண்டு வேலை பார்த்த அப்பாவுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மகனுக்குப் பதினைந்து வயதில் அவர் இறந்துவிடுகிறார். சேர்ந்திருந்த ஞாயிறுகள் சுமார் 700. ஒரு பெண்ணைப் பற்றி அப்பாவோடு சண்டை போட்ட அன்றிரவே, பௌலிங் விளையாடப் போன இடத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு. மேடையில் அவர்கள் லாங் பீச் வீட்டின் முகப்பை அப்படியே நிறுத்தியிருப்பார்கள். அதன் ஜன்னல்களிலேயே பழைய வீட்டுப் படச்சுருள்கள் ஓடும். அந்தச் சண்டை வரும் பகுதியைத் தனியாக இருக்கும்போது பாருங்கள்.

அதன்பிறகு 'ஸ்டார் வார்ஸ்' நடிகை கேரி ஃபிஷரின் 'விஷ்ஃபுல் டிரிங்கிங்'. இதுவும் மேடையில் தொடங்கிப் பின்பு புத்தகமானதுதான். பாடகரான அப்பா எடி ஃபிஷர், நடிகையான அம்மா டெபி ரெனால்ட்ஸை விட்டுவிட்டு நடிகை எலிசபெத் டெய்லரிடம் போன கதையை ஊரே பத்திரிகையில் படித்துவிட்டது. மறைக்க எதுவும் மிச்சமில்லாத குடும்பத்தின் மகள் என்ன செய்ய முடியும்? ஒரு கரும்பலகையில் எல்லார் படங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, தன் மகளும் டெய்லரின் பேரனும் உறவுமுறை ஆகுமா என்று வாத்தியார் மாதிரி பாடம் நடத்துவார். எனக்கு இந்த நிகழ்ச்சி ஸ்வீனி அளவுக்கு நெருக்கமில்லை. சொந்த வலியைச் சொல்ல வரும் இடங்களில் கேரி கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறார். ஆனாலும் அந்தக் கரும்பலகைப் பாடத்துக்காகவே பார்க்கலாம். பதிவைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் படியுங்கள். அவர் குரல் காதில் இருந்தால் அந்த வாக்கியங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.