பதினைந்து நிமிடம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 31 வயது. கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. சென்ற மாதம் வாலிபர் முகாமில் போதகர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 90-ஆம் சங்கீதப்படி ஆயுள் 70 வருடம், அதாவது 3640 வாரம். எனக்கு 1612 போய்விட்டது, மீதி 2028. அத்தனை கோலிக்குண்டுகளை வாங்கிக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, வாரம் ஒன்றாக எடுத்துப் போடுகிறேன். நாளையும் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துவிட்டேன். வேதவாசிப்பு, ஜெபம், வேலை, உடற்பயிற்சி, ஞாயிறு மாலை அம்மாவுடன் போன் (15 நிமிடம்) என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, நாவலுக்குத்தான் இல்லை. ஜீவன் புகையைப் போன்றது என்கிறார் யாக்கோபு. அப்படியிருக்க, கிறிஸ்தவன் கதை படிப்பது காலத்தை வீணாக்குவதுதானே? பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் ஒரு கணத்தையும் இழப்பதில்லை என்று தீர்மானம் எழுதி வைத்தவர். நீங்கள் நேரத்தை எப்படி நிர்வகிக்கிறீர்கள்?

சாம்

அன்புள்ள சாம்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நிர்வகிப்பதில்லை. உங்கள் கடிதத்துக்கே இருபத்து மூன்று நாள் கழித்துத்தான் எழுதுகிறேன். முகாமைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உடற்பயிற்சி நல்லது, செய்யுங்கள். 2028 கோலிக்குண்டு கேட்டவரைக் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 'அம்மாவுடன் போன், 15 நிமிடம்' என்ற வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கிவிட்டது. தம்பி, பதினாறாவது நிமிடத்தில் அம்மா "அப்புறம் இன்னொன்று..." என்று ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? எந்தத் தாயும் சொல்ல வந்ததை முதல் பதினைந்து நிமிடத்தில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. மழை, கரண்ட் பில், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் முடிந்து, போனை வைக்கப் போகிற நேரத்தில்தான் நாலு நாளாக நெஞ்சு வலிக்கிற விஷயம் வெளியே வரும்.

எட்வர்ட்ஸைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். பெரிய மனிதர், மறுக்கவில்லை. அந்தத் தீர்மானங்களை எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பிறகு பதினொரு பிள்ளைகள். வீட்டை நடத்தியவர் மனைவி சாரா. விலைக்கு வாங்கிய அடிமைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். ஒருவர் தன் கணங்களை இழக்காமல் காத்துக்கொண்டார் என்றால், அவருக்காக யார் யார் இழந்தார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். 54 வயதில் பிரின்ஸ்டனில் கல்லூரித் தலைவராகப் பொறுப்பேற்றார். சில வாரங்களில் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்திக்கொண்டதே அவரைக் கொண்டுபோயிற்று. அது 1758.

நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் அட்டவணைக்குப் பின்னால் இருக்கிற வசனம் எனக்குத் தெரியும். "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று எபேசியருக்குப் பவுல் எழுதியது. பிரயோஜனம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கணக்குப் பேரேட்டைத் திறந்துவிடுகிறோம். கிரேக்க மூலத்தில் இருப்பது சந்தைச் சொல். அகோரா என்றால் சந்தை, அதிலிருந்து வந்த எக்ஸாகொராசோ என்ற வினைக்கு விலைகொடுத்து மீட்பது என்று பொருள். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து 'மீட்டுக்கொண்டார்' என்று கலாத்தியருக்கு எழுதும்போதும் பவுல் இதே வினையைத்தான் போடுகிறார். மீட்கிறவன் கையிலிருந்து கொடுக்கிறான், சாம். சேர்த்து வைக்கிறவன் பேர் வேறு. அங்கே 'காலம்' என்று இருப்பதும் கடிகாரத்தில் ஓடுகிற குரோனோஸ் இல்லை. கைரோஸ், அதாவது தருணம். உங்கள் ஜாடியில் இருப்பது முழுக்க குரோனோஸ். தருணம் வாரம் ஒன்றாக வராது. கதவைத் தட்டும், அதுவும் பெரும்பாலும் நாம் வேறு வேலையில் இருக்கும்போது.

அட்டவணையே பாவம் என்று சொல்ல வரவில்லை. டேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு நாளை மணிமணியாக வகுத்துத் தமிழ் படித்தவர். அதற்கு முன்னால் சிறுபிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவரும் அவர்தான். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியத் தளபதி அவரைக் கோட்டையில் அடைத்தார், நான்கு மாதம். மோதல் முற்றியதற்கு ஒரு காரணம், இறந்துபோன ஒரு நாவிதரின் மனைவிக்காகக் கடன் வழக்கில் அவர் தலையிட்டது. 'மொழிபெயர்ப்பு இருக்கிறது, பிறகு வா அம்மா' என்று அவர் அனுப்பியிருக்கலாம். 36 வயதில் செத்துப்போன மனிதர். அவருடைய ஜாடியில் எத்தனை குண்டு இருந்திருக்கும்?

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இயேசு அவனோடு புறப்பட்டுப் போகிறார். வழியில் பன்னிரண்டு வருடமாக நோயில் கிடந்த ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்டு, அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கிறவரை நிற்கிறார். பிரசங்கங்களில் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு யவீருதான் கண்ணில் நிற்பான். அந்த நேரத்தில் அவன் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

எனக்குத் தெரியும். என் அப்பா கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றில் உபதேசியார். 1979-இல் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்க்கைக்கு என்னைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறரை மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பது மணிக்குத்தான். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டிருந்த அப்பாவை, ஊர் எல்லையில் ஒரு கிழவி இன்லண்ட் கடிதத்தோடு மறித்தாள். பம்பாயிலிருந்து மகன் எழுதியது, முந்தின நாள் வந்தது, வாசித்துச் சொல்ல ஆளில்லை. அப்பா இறங்கி வாசித்தார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் வாசித்தார். பிறகு பதிலும் எழுதிக் கொடுத்தார். கடிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, எல்லோரும் சுகம், அவ்வளவுதான். அந்தப் பக்கம் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போவதை நான் பார்த்தேன்.

யவீருவின் மகள் எழுந்துவிட்டாள். எனக்கு இடம் போய்விட்டது. வேறொரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். அதுதான் என்னை எழுத்தாளன் ஆக்கியது என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. இல்லை. இன்றைக்கும் எனக்கு இயற்பியல்தான் வேண்டும். அன்று அப்பா மேல் வந்த கோபமும் முழுதாகப் போய்விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவர் துண்டை விரித்துப் படுத்து நன்றாகத் தூங்கினார். நான் ஒன்பது மணி வரை நின்றுகொண்டே இருந்தேன். அவர் செய்தது சரி என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம்.

நாவல் கேள்வி மறந்தே போயிற்று. படியுங்கள். உங்கள் கணக்குக்கு ஆதாரமான அதே சங்கீதம், "ஒரு கதையைப்போல் எங்கள் வருஷங்களைக் கழித்துப்போட்டோம்" என்கிறது. கதையே படிக்காதவருக்கு அந்த வசனம் எப்படிப் புரியும்?

அதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போடுங்கள். இன்று வியாழக்கிழமை. என்ன ஏது என்று பதறிப்போவார்கள், கொஞ்ச நேரம் பதறட்டும்.

அன்புடன்.