25 கிராம் அடுப்பா, 85 கிராம் அடுப்பா? மலைநடைக்கு கேஸ் அடுப்பு தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வி: நானும் நண்பரும் ஐந்து நாள் மலைநடைக்குப் போகிறோம். நான்கு இரவு கூடாரத்தில் தங்கல். உயரம் 3,000 மீட்டர் வரை. இரவில் குளிர் பூஜ்யம் டிகிரியைத் தொடும். காலையில் டீ, ஓட்ஸ். இரவில் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உணவு. சமையல் அவ்வளவுதான். 25 கிராம் எடையுள்ள டைட்டானியம் அடுப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ரெகுலேட்டர் உள்ளதை வாங்கு, பாத்திரத்தோடு பூட்டிக்கொள்ளும் வகையை வாங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. எதை வாங்குவது?

பதில்: உங்கள் பயணத்துக்கு ரெகுலேட்டர் உள்ள, அகலமான பர்னர் தலை கொண்ட, 60 முதல் 90 கிராம் வரையிலான அடுப்பை வாங்குங்கள். எம்.எஸ்.ஆர். பாக்கெட்ராக்கெட் டீலக்ஸ், சோட்டோ விண்ட்மாஸ்டர் போன்றவை இந்த வகை. 25 கிராம் அடுப்பை விட்டுவிட்டு ஏன் 60 கிராம் கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அடுப்பை மட்டும் தராசில் வைப்பதால் வரும் கேள்வி அது. நீங்கள் சுமக்கப்போவது அடுப்பு, பாத்திரம், கேனிஸ்டர் எனும் சிறிய கேஸ் குப்பி, அதிலுள்ள கேஸ் நான்கையும் சேர்த்து. இவற்றில் மிகக் கனமானது கேஸ் நிறைந்த கேனிஸ்டர்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்குக் காலையில் ஒரு லிட்டர், இரவில் ஒரு லிட்டர் வெந்நீர் என்றால் மொத்தம் எட்டு லிட்டர். ஓடை நீர் 5 டிகிரியில் இருக்கும். 3,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு லிட்டரை 85 டிகிரி சூடேற்ற, ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் இருந்தாலே 8 கிராம் கேஸ் வேண்டும். சாதாரணப் பாத்திரத்தில், லேசான காற்றில், ஏறக்குறைய பாதி வெப்பம்தான் தண்ணீரில் சேரும். அப்படியானால் லிட்டருக்கு 15 கிராம். எட்டு லிட்டருக்கு 120 கிராம். சிறிய கேனிஸ்டரில் இருப்பதோ 100 அல்லது 110 கிராம். பத்து கிராம் பற்றாக்குறைக்காக நீங்கள் 230 கிராம் கேனிஸ்டருக்குத் தாவ வேண்டியிருக்கும். கேஸ் நிறைந்த சிறிய கேனிஸ்டர் சுமார் 210 கிராம், நடுத்தரக் கேனிஸ்டர் சுமார் 375 கிராம். ஒரே தாவலில் 165 கிராம் ஏறிவிடுகிறது.

அடியில் மடிப்பு உலோகத் தகடு வளையமாகப் பதித்த பாத்திரங்கள் உண்டு. சாதாரணப் பாத்திரத்தின் ஓரமாக நழுவிப்போகும் சூட்டை அந்தத் தகடு பிடித்துத் தண்ணீருக்குள் அனுப்பும். அதில் லிட்டருக்கு 11 கிராம் போதும். எட்டு லிட்டருக்கு 88 கிராம். 110 கிராம் கேனிஸ்டரில் அடங்கி, இன்னும் இரண்டு முறை கொதிக்க வைக்க மிச்சமும் இருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 25 கிராம் அடுப்பு, 120 கிராம் சாதாரண டைட்டானியம் பாத்திரம், நடுத்தரக் கேனிஸ்டர்: 520 கிராம். 85 கிராம் அடுப்பு, 200 கிராம் தகட்டுப் பாத்திரம், சிறிய கேனிஸ்டர்: 495 கிராம். 60 கிராம் கனமான அடுப்போடு கிளம்பியும் பை 25 கிராம் இலேசாகிறது. கடைசி நாள் மாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடைக்கு வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, சின்ன அடுப்பால் உங்களுக்கு எடையில் லாபம் இல்லை.

25 கிராம் அடுப்பின் மேலேயே தகட்டுப் பாத்திரத்தை வைத்தால் என்ன? காகிதத்தில் 435 கிராம் வரும். ஆனால் அந்த அடுப்பில் பாத்திரத்தைத் தாங்கும் மூன்று கைகளும் குட்டையானவை. தகட்டு வளையம் அவற்றின் மேல் சரியாக உட்காராமல் வழுக்கும், அல்லது வளையத்துக்குள் கைகள் புகுந்து பாத்திரம் தீக்கு மிக அருகே இறங்கிவிடும். தீநாக்கு முழுதாக எரியுமுன் குளிர்ந்த உலோகத்தில் பட்டால் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வெளியேறும். தகட்டுப் பாத்திரம் வாங்கும்போது உங்கள் அடுப்பின் கைகளுக்கு ஏற்ற வெட்டுகள் அதன் அடியில் இருக்கின்றனவா என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தே வாங்குங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி வாங்கும் பொருள் அல்ல இது.

அடுத்தது காற்று. உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மலையில் ஒரு அடுப்பு பயன்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது எடையும் இல்லை, பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கும் இல்லை, காற்றுதான். பெரும்பாலான சிறிய அடுப்புகள் 2,500 முதல் 3,000 வாட் வரை தரும் என்று எழுதியிருப்பார்கள். அத்தனையும் முழுத் தீயில், காற்றில்லாத அறைக்குள். சருகை நகர்த்தும் அளவு காற்று வீசினாலே தீ பாத்திரத்தின் அடியிலிருந்து சாய்ந்து விலகும். கேஸ் செலவு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறும். 88 கிராம் என்று போட்ட கணக்கெல்லாம் அப்போது நிற்காது.

பர்னர் தலையை உற்றுப் பாருங்கள். பட்டாணி அளவுள்ள குமிழ்த் தலையிலிருந்து தீ மேல்நோக்கி நீளமாகச் சீறும். பாத்திரத்துக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி அதிகம். காற்று அதன் வழியாகப் புகுந்து போய்விடும். அகலமான, நடுவில் குழிந்து விளிம்பு உயர்ந்த தலையில் தீத்துளைகள் அந்த விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். பாத்திரமும் தலைக்கு நெருக்கமாக, சரியான தூரத்தில் நிற்கும். பக்கவாட்டில் காற்று அடித்தாலும் தீ அணையாமல் அடியிலேயே பரவும்.

மெல்லிய டைட்டானியம் கைகளுக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு. காற்று தீயை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கக் கை செக்கச் சிவந்து சூடேறும். அந்தச் சூட்டில் உலோகம் இளகும். மேலே ஒரு லிட்டர் தண்ணீர் நின்றால் கை மெல்ல வளையும், பாத்திரம் சாயும், சாப்பாடு தரையில். தீயை எப்போதும் பாதி அளவில் வைத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். எந்த அடுப்பிலும் பாதித் தீதான் சிக்கனம். பாத்திரத்தின் பக்கச் சுவரில் நீலத் தீ ஏறுகிறது என்றால் கேஸை ஆகாயத்துக்குக் கொடுக்கிறீர்கள்.

காற்று மறைப்பு வைக்கலாமா? கேனிஸ்டரின் தலையிலேயே அடுப்பைத் திருகும் இந்த வகையில், முழு வட்டமாக மறைப்பு வைக்கவே கூடாது. பர்னரின் சூடு மறைப்புக்குள் தங்கி கேனிஸ்டரில் இறங்கும். கேனிஸ்டருக்கு 50 டிகிரிதான் எல்லை என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டினால் உள்ளழுத்தம் ஏறி அது வெடிக்கக்கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு பாறையையோ, ஓர் அடி தள்ளி உங்கள் பையையோ வையுங்கள். அவ்வப்போது கேனிஸ்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். குளுமையாகவோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

ரெகுலேட்டர் எதற்கு? கேனிஸ்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் பர்னருக்கு வருகிறது. ஆவியாகும்போது மிச்சத் திரவம் குளிரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. அதனால்தான் எரிந்துகொண்டிருக்கும்போதே கேனிஸ்டரின் வெளிப்புறம் வியர்க்கிறது, சில நேரம் உறைபனியும் படிகிறது. குளிரக் குளிர உள்ளழுத்தம் இறங்கும், தீ சுருங்கும். ரெகுலேட்டர், அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் பர்னருக்குப் போகும் அளவைச் சீராக வைக்க முயலும். அதன் துளையும் சற்றுப் பெரியது. எனவே காலைக் குளிரிலும், கேனிஸ்டர் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகும் தீ ஓரளவு நிலையாக நிற்கும். இல்லாத அழுத்தத்தை உண்டாக்கும் மந்திரம் மட்டும் அதனிடம் கிடையாது. திரவம் ஆவியாகாத குளிரில் எந்த ரெகுலேட்டரும் உதவாது.

அந்தக் குளிர் எது என்பதைக் கேனிஸ்டரின் கலவைதான் சொல்லும். கடல்மட்டத்தில் சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரியிலும், புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கும். உங்கள் பயணத்தில் விடியற்காலை பூஜ்யம் டிகிரி. சாதாரண பியூட்டேன் மிகுந்த கேனிஸ்டர் அங்கே முதல் நாள் எரியும், மூன்றாம் நாள் முனகும். ஏனென்றால் கலவையில் புரோப்பேன்தான் முதலில் ஆவியாகி வெளியேறும். கடைசியில் தங்குவது பியூட்டேன். எனவே லேபிளில் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது என்று இருப்பதை மட்டும் எடுங்கள். உயரமும் கொஞ்சம் கைகொடுக்கும்: 3,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இந்தக் கொதிநிலைகள் எல்லாம் ஏறக்குறைய 10 டிகிரி கீழே இறங்கும்.

இரவில் கேனிஸ்டரைத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பைக் கழற்றிவிட்டு. காலையில் தீ சோர்ந்தால், தட்டையான ஒரு கிண்ணத்தில் விரலளவு ஆழம் தண்ணீர் ஊற்றி அதில் கேனிஸ்டரை நிறுத்துங்கள். ஓடைத் தண்ணீரே போதும். உறைநிலைக்குக் கீழே போன கேனிஸ்டருக்கு அதுவே சூடு. வெந்நீர் ஊற்றாதீர்கள்.

இனி மற்ற இரண்டு வகைகள். பாத்திரத்தோடு பூட்டிக்கொள்ளும் அடுப்புகள், கேனிஸ்டர் இல்லாமலே 370 கிராமில் தொடங்கி 430 வரை போகும். மரமே இல்லாத மொட்டை மேட்டில், ஓயாத காற்றில், வெந்நீர் மட்டும் போதும் என்பவர்களுக்கு, பர்னரை முழுக்க மூடிய வகை அந்த எடைக்குத் தகுதியானது. பூட்டு இருப்பதாலேயே காற்றைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். சில மாதிரிகளில் ரெகுலேட்டரும் இல்லை, மறைப்பும் அரைகுறை. கேனிஸ்டரைத் தள்ளி வைத்து வளையும் குழாயால் இணைக்கும் வகை 170 முதல் 190 கிராம். பர்னரின் தீக்குள் சுற்றிப்போகும் உலோகக் குழாய் உள்ள மாதிரியில், பர்னர் அரை நிமிடம் சூடேறியதும் கேனிஸ்டரைத் தலைகீழாகத் திருப்பலாம். அப்போது ஆவிக்குப் பதில் திரவமே வந்து குழாயில் ஆவியாகும். கலவை கடைசிவரை மாறாது. மைனஸ் 15, 20 டிகிரியிலும் எரியும். பர்னரைச் சுற்றிலும் மறைப்பு வைக்கலாம். பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கும் பயணம் என்றால் இதுதான். உங்களுக்கு இப்போது தேவையில்லை.

25 கிராம் அடுப்புக்கும் ஓர் இடம் உண்டு: தனி ஆள், ஒன்றிரண்டு இரவு, கோடை, மரங்களுக்கு நடுவே முகாம், 500 மில்லி குவளை. அங்கே அது நன்றாகவே வேலை செய்யும்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை. அடுப்பின் வால்வுக்குள் கசிவைத் தடுக்கும் ஒரு சிறிய கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங், இருக்கும். வெடிப்போ மண்ணோ இல்லையே என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வை மூடிய நிலையில், கேனிஸ்டரை நிமிர்த்தி வைத்து நேராகத் திருகுங்கள். இடையில் நொடிப்பொழுது 'உஸ்' என்ற சத்தம் வரும், அது இயல்பு. இறுகியதும் விரல் பலத்தோடு நிறுத்துங்கள். பலம் போட்டு முறுக்கினால் ஓ-ரிங் நசுங்கி அடுத்த முறை கசியும். இணைப்பில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறிய கேனிஸ்டருக்கு மூன்று கால் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வாங்குங்கள். ஒரு லிட்டர் பாத்திரம் சிறிய கேனிஸ்டரின் மேல் தலைகனமாக நிற்கும்.

பட்டனை அழுத்தினால் பொறி வரும் வசதி உயரத்திலும் ஈரத்திலும் ஏமாற்றும். லைட்டர் ஒன்று, நனையாத உறையில் தீப்பெட்டி ஒன்று தனித்தனியே இருக்கட்டும். மழை கொட்டினாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலி வரும்போதே நேரம் கடந்திருக்கக்கூடும்.

கேனிஸ்டர் கிடைக்கும் இடத்தையும் விசாரித்து வையுங்கள். நாம் பேசிய அடுப்புகள் எல்லாம் மரையில் திருகும் கேனிஸ்டருக்கானவை. சில ஊர்களில் சொடுக்கி மாட்டும் வகை அல்லது நீளமான, மூக்கு வைத்த வகை மட்டுமே கிடைக்கும். அவை இந்த அடுப்பில் பொருந்தா. விமானத்தில் கேனிஸ்டரைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது, எனவே இறங்கிய இடத்தில்தான் வாங்க வேண்டும். பழைய கேனிஸ்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, புதிதாக வாங்கியதுமே எடை போட்டு அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். குறைந்த கிராம்தான் எரிந்த கேஸ். உங்கள் ஐந்து நாளுக்கு முன் வீட்டில் ஒரு மாலை, திறந்த வெளியில், ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்து முன்னும் பின்னும் எடை பாருங்கள். வீட்டுத் தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருக்காது என்பதால், 12 கிராமுக்கு மேல் குறைந்திருந்தாலே சிறிய கேனிஸ்டரை நம்பிக் கிளம்பாதீர்கள், 230 கிராமையே எடுங்கள்.