ஒரு பையன், மூன்று புத்தகங்கள்

ஐயா, வணக்கம்.

நான் பி.டி.எஸ். இறுதியாண்டு மாணவி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். ஓரல் சர்ஜரிக்கும் (வாய், தாடை அறுவை) ஆர்த்தோவுக்கும் (பல்வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிக்ஸ்) எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சீனியர்களோ, "கொஸ்டின் பேங்க் போதும், புத்தகத்தைத் திறந்தால் பரீட்சைக்குள் முடியாது" என்கிறார்கள். எனக்கு பிளாஸ்டிக் சர்ஜரியும் கொஞ்சம் படிக்க ஆசை. காரணம் என் அக்கா பையன். பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. நான்காம் மாதத்தில் உதட்டையும் ஒன்றரை வயதில் அண்ணத்தையும் தைத்தார்கள். இப்போது ஒன்பது வயது. மேல்வரிசைப் பற்கள் கோணல்மாணலாக முளைக்கின்றன. போன வருஷம் காட்டிய இடத்தில், "இனி பதினெட்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு பல் மருத்துவ மாணவி அதை எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

புத்தகத்துக்கு முன்னால் பையன். பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டாம். உதடு, அண்ணப்பிளவைக் குழுவாகப் பார்க்கும் ஒரு மையத்தில் இந்த மாதமே காட்டச் சொல்லுங்கள். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட புத்தகங்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

பரீட்சைக்கு நம் நாட்டு ஆசிரியர்கள் எழுதியவையே போதும். ஓரல் சர்ஜரிக்கு நீலிமா மாலிக், அல்லது சென்னையைச் சேர்ந்த எஸ்.எம். பாலாஜி. ஆர்த்தோவுக்கு எஸ்.ஐ. பாலாஜி. பெயர் காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவர் வேறொருவர், கடையில் கேட்கும்போது கவனம். நம் வினாத்தாள் எப்படிக் கேட்கிறதோ அப்படியே தலைப்புத் தலைப்பாக எழுதப்பட்ட புத்தகங்கள் இவை. ஓரல் சர்ஜரிக்குச் சொன்ன இரண்டில் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு முறை படித்துவிடுங்கள். நான்கு புத்தகங்களில் நான்கு நான்கு பக்கம் படிப்பதைவிட அது நல்லது.

இவற்றோடு, காரணம் சொல்லும் புத்தகமும் துறைக்கு ஒன்று வேண்டும். அறுவையில் அது ஹப், எல்லிஸ், டக்கர் மூவரும் தொகுப்பது. லாரி பீட்டர்சன் சக ஆசிரியர்களோடு 1988-இல் தொடங்கிய புத்தகம் அது. ஆர்த்தோவில் வில்லியம் புரோஃபிட், முதல் பதிப்பு 1986. நூலகத்தில் பழைய பதிப்பு இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டத்தில் பதிப்பு எண் பெரிய விஷயம் இல்லை.

காரணம் தெரியாமல் படித்தால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். கீழ்த்தாடை ஞானப்பல் புதைந்திருக்கும் விதத்தை எக்ஸ்ரேயில் மூன்று கோடு போட்டு அளக்கும் விண்டரின் முறையை நான் மனப்பாடம் செய்திருந்தேன். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கோடு பிசகாமல் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு அந்தப் பல்லை எடுத்தேன். பல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் மறுநாள் அவர் கீழுதட்டின் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "இன்னும் மரத்தே இருக்கு சார்" என்றார். உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆயின. டீ குடித்தால் உதட்டோரம் வழிவதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவருடைய எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நரம்பு செல்லும் குழாயின் வெள்ளைக் கோடு பல்வேரைத் தாண்டும் இடத்தில் அறுந்திருந்தது, வேரும் அங்கே கருத்திருந்தது. நரம்பு வேரை ஒட்டிப் போகிறது என்பதற்கான அடையாளங்கள் அவை. புத்தகத்தில் அந்தப் பக்கமும் இருந்தது. கேள்வியாக வராது என்று நான் தாண்டிப்போன பக்கம். உங்கள் சீனியர்கள் சொல்லும் கொஸ்டின் பேங்க் மீது எனக்கு இருக்கும் பயம் இதுதான். கேட்கப்பட்டதை மட்டுமே அது சொல்லித்தரும். நாளைக்கு உங்கள் நாற்காலியில் உட்காரப்போகும் ஆளின் நரம்பு எங்கே ஓடுகிறது என்பது அதில் வராது.

ஆங்கிலத்தை நினைத்துத் தயங்காதீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1860-களில் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை சிகிச்சைக்கு அவர் கொண்டுவந்த பாடநூலின் பெயர் 'இரண வைத்தியம்', ஆண்டு 1867. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் என்ன சொல்வது என்று உட்கார்ந்து யோசித்தவர் அவர். நீங்களும் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டே படியுங்கள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் அக்காவுக்கு விளக்குவதுபோலச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் வாய் நிற்கிறதோ, அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை. எப்படியும் ஓ.பி.யில் கையெழுத்துப் போடும் முன் நோயாளிக்கு நீங்கள் தமிழில்தானே விளக்கப்போகிறீர்கள்?

ஆர்த்தோ புத்தகத்தில் எல்லோரும் கம்பி, கிளிப் பகுதிக்குத் தாவிவிடுகிறார்கள். புரோஃபிட் முகத்தின் வளர்ச்சியைத்தான் முதலில் வைத்திருக்கிறார். அங்கேயே தொடங்குங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் மேல்தான் பல்லை நகர்த்துகிறோம். அப்புறம், புத்தகம் சொல்வதைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். இந்தத் துறையை நிறுவிய எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்துக்குக் கொடுத்த வகைப்பாட்டை இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். அதே ஆங்கிள், பல்லைச் சீராக்க எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட் அப்படியே செய்துவந்தார். சிகிச்சை முடிந்த பற்கள் மறுபடி முன்னே தள்ளிக்கொண்டு வந்ததைக் கண்டதும், அதே நோயாளிகளைத் திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மறுபடி சிகிச்சை செய்தார். அப்படி நூறு பேரின் விவரங்களை 1940-இல் சக மருத்துவர்கள் முன்னால் வைத்தார். குருவின் பாடத்தைத் தன் நோயாளிகளின் வாயை வைத்தே சோதித்த மனிதர். எனக்கு அவர் மீது பெரிய மரியாதை உண்டு.

பிளாஸ்டிக் சர்ஜரி உங்கள் பாடம் இல்லை என்கிறீர்கள். அதன் நவீன வரலாற்றில் பல் மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முதல் உலகப்போரில் பதுங்குகுழியிலிருந்து தலைதூக்கியவர்களின் தாடையும் மூக்கும் சிதறின. பிரான்சில் சார்லஸ் வலாடியே என்ற பல் மருத்துவர் அந்தத் தாடைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஹரோல்ட் கில்லீஸ் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவருக்கு இந்த வேலையில் ஆர்வம் வந்ததே அவரைப் பார்த்துத்தான். பிறகு இங்கிலாந்தில் கில்லீஸ் தோலையும் தசையையும் பார்த்தார், கெல்சி ஃபிரை என்ற பல் மருத்துவர் எலும்பையும் பல்லையும் பார்த்தார். அந்த அனுபவம்தான் 1920-இல் கில்லீஸின் முகச் சீரமைப்பு நூலாக வந்தது. இன்று மேற்படிப்பு மாணவர்கள் படிப்பது 1968-இல் தொடங்கிய கிராப் அண்ட் ஸ்மித். பெரிய புத்தகம், விலையும் அதிகம், வாங்க வேண்டாம். நூலகத்தில் காயம் ஆறும் விதம், தோல் ஒட்டு, தசையோடு தோலைத் திருப்பிவைப்பது, உதடு மற்றும் அண்ணப்பிளவு ஆகிய பகுதிகளை மட்டும் படியுங்கள்.

கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் வராது. வெட்டிப் பழகப் பூசணியையும் சுரைக்காயையும், பிடுங்கிப் பழகச் செத்த விலங்குகளின் பற்களையும் சுஸ்ருத சங்கிதை சொல்கிறது. நான் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கிவந்து ஈறைக் கீறித் தைத்துப் பழகினேன். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி உங்கள் அக்கா பையன். மூன்று புத்தகங்களையும் மேசையில் திறந்து வைத்து, அவனை மட்டும் தேடிக்கொண்டு போங்கள். உதட்டையும் அண்ணத்தையும் தைப்பதை பிளாஸ்டிக் சர்ஜரி புத்தகம் விரிவாகச் சொல்லும். அண்ணத்தில் விழுந்த தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கலாம் என்றும் சொல்லும். அதனால் சில பிள்ளைகளுக்கு வளரவளர மேல்தாடை பின்தங்கி, முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கிவிடுகிறது. அப்படி ஆனால் வளர்ச்சி முடிந்த பிறகு மேல்தாடையைப் பிரித்து முன்னே நகர்த்த வேண்டும். இறந்தவர்களின் மண்டையை அடித்துப் பார்த்து, முகம் உடையும் கோடுகளை 1901-இல் கண்டு எழுதினார் ரெனே லெ ஃபோர். அவருடைய முதல் கோட்டின் வழியாகவே இன்று நாம் எலும்பை அறுக்கிறோம். பையனைப் பார்த்தவர் பதினெட்டு வயது என்று சொன்னது இந்த அறுவையை நினைத்துத்தான் இருக்கும். அந்த அளவில் அவர் சொன்னது சரி.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது. உதடும் அண்ணமும் மூடினாலும், பற்கள் நிற்கும் மேல் எலும்பில் பிளவு அப்படியே இருக்கும். கோரைப்பல் இறங்கி வரவேண்டியது பெரும்பாலும் அந்த இடைவெளி வழியாகத்தான், அங்கே எலும்பு இல்லை. இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அந்த இடத்தை நிரப்பினால், பல் அந்தப் புது எலும்புக்குள் இறங்கி வந்து நிலைக்கும், மூக்கின் அடிப்பாகத்துக்கும் தாங்கல் கிடைக்கும். இதைச் செய்வது பெரும்பாலும் எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன். அதற்கும் முன்னால், குறுகிய மேல்வரிசையை ஆர்த்தோ மருத்துவர் விரிக்க வேண்டியிருக்கலாம். எலும்பு நிரப்புவது ஓரல் சர்ஜரி புத்தகத்தில் இருக்கிறது, வரிசையை விரிப்பது ஆர்த்தோ புத்தகத்தில். ஒரே புத்தகத்தைப் படித்தவருக்கு இந்த நடு வருடங்கள் கண்ணில் படாமல் போய்விடலாம்.

பையனுக்கு இப்போது ஒன்பது. கோரைப்பல் வந்துவிட்டதா, அதன் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். எலும்பு வைக்க வேண்டுமா, எப்போது என்பதை நேரில் பார்க்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கல்லூரியிலேயே ஓரல் சர்ஜரி, ஆர்த்தோ இரண்டு துறைத் தலைவர்களிடமும் அந்தப் படத்தை ஒரே நாளில் காட்டுங்கள். உதடு தைத்த நாள், அண்ணம் தைத்த நாள் குறித்த பழைய சீட்டுகள் அக்காவிடம் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.