குளிருக்குப் பயந்து ஊர் மாறலாமா?

கேள்வி: வரும் மார்ச் மாதம் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. என் மனைவிக்கு ஆஸ்துமா. டெல்லிக் குளிரில் வருஷா வருஷம் படுத்துவிடுகிறாள். 'வெதுவெதுப்பான ஊருக்குப் போய்விடுங்கள்' என்கிறார் டாக்டர். டிசம்பரில் தாம்பரம் பக்கம் மச்சினர் வீட்டில் தங்கியிருந்தபோது அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஃப்ளாட்டை விற்றுவிட்டு அங்கேயே வாங்கிவிடலாமா, அல்லது கோவையா? மகன் குடும்பம் குர்காவ்னில். சாதக பாதகம் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மயூர் விஹார்

பதில்: ஃப்ளாட்டை விற்காதீர்கள். இப்போதைக்கு இதுதான் பதில். பொறுமை இருந்தால் காரணத்தையும் படியுங்கள்.

டெல்லித் தமிழர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இங்கே பல் கிட்டும்போது சென்னைக்குப் போவார்கள். அங்கே காலையில் மெல்லிய காற்று, சாயங்காலம் கச்சேரி, கேன்டீனில் ரவா தோசை. 'ஆஹா, ஊரென்றால் இதுவல்லவா' என்று ஜனவரியில் திரும்பி வந்ததும் வீட்டு புரோக்கருக்கு போன் போடுவார்கள். சென்னையின் டிசம்பரை வைத்துச் சென்னையை எடை போடுவது, கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தின் குணத்தைச் சொல்வது மாதிரி. நீங்கள் மச்சினர் வீட்டில் ஒரு மே மாதம் முழுக்க இருந்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

முதலில் மனைவியின் விஷயம். அவருக்கு இழுப்பு எப்போது ஆரம்பிக்கிறது? ரஜாய்ப் போர்வையை வெளியே எடுக்கும் டிசம்பரிலா, மின்விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அக்டோபர் கடைசியிலா? இதை அவரிடமே கேளுங்கள். மருந்துக்கடை பில்களையும் புரட்டிப் பாருங்கள், இன்ஹேலர் எந்த மாதத்தில் கூடுதலாகத் தீர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தீபாவளியை ஒட்டி ஆரம்பித்தால் எதிரி குளிர் அல்ல, புகை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கொளுத்தும் நெல் தாள், வண்டிப் புகை, கட்டிட வேலைத் தூசி எல்லாம் சேர்ந்து, மேலே போக வழியில்லாமல் தரையோடு தங்கிவிடுகிற காலம் அது. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. அந்த அளவுகோலே 500-இல் முடிந்துவிடுகிறது.

குளிர்ந்த காற்றும் ஆஸ்துமாவைக் கிளப்பும்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே கடுங்குளிர் என்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, இழுத்துப் பிடித்தால் பிப்ரவரி நடு. ஆயில் ஹீட்டர், கீசர், மூக்கைச் சுற்றி ஒரு மஃப்ளர், காலை நடையைப் பத்து மணி வெயிலுக்குத் தள்ளிப் போடுவது என்று அதைச் சமாளிக்க வழி இருக்கிறது. (அறையை மூடிக்கொண்டு அங்கீதிக் கரியடுப்பு மட்டும் மூட்டாதீர்கள். ஒவ்வொரு குளிர்காலமும் அதனால் சாவு விழுகிறது.) புகையை எந்த ரஜாயும் தடுக்காது. உங்கள் பேட்டைக்குக் காஜிப்பூர் குப்பை மலை வேறு பக்கம். அது வெயில் காலத்தில் தீப்பிடித்தாலும் புகை உங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். ஆகவே புகைதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னால், இடம் மாறுவதில் நியாயம் இருக்கிறது. வெறும் குளிர் என்றால் இல்லை.

வெதுவெதுப்பான ஊர் என்கிறீர்கள். வெப்பம்தான் வேண்டுமென்றால் டெல்லியே போதுமே! 2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. சென்னை மே மாதத்தில் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் டெல்லியின் மே வறண்ட மே. வியர்வை உடனே காய்ந்துவிடும், கூலரில் தண்ணீர் ஊற்றினால் அறை குளிர்ந்துவிடும். சென்னையில் அந்தக் கூலர் வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே பனியன் முதுகில் ஒட்டிக்கொள்கிற அந்தப் பிசுபிசுப்பு இருக்கிறதே, சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி அதுதான். ராத்திரியும் இறங்காது. ஏசி இல்லாமல் தூக்கம் வராது, கரன்ட் பில்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், இந்த வியர்வையில் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆஸ்துமாவுக்கும் சென்னை சொர்க்கம் அல்ல. ஈரப்பதம் கூடினால் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சி பெருகும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். இரண்டுமே இழுப்பை வரவழைப்பவை. போகி அன்று காலை சென்னை எப்படி இருக்கும் என்று மச்சினரைக் கேட்டுப் பாருங்கள். தாம்பரம் பக்கம் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் தாம்பரம் பக்கம்தான், 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த இடங்கள். விலை மலிவாக ஏதாவது வந்தால் முதலில் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

கோவை பரவாயில்லை. 400 மீட்டர் உயரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர். வெயிலும் சென்னை அளவுக்குக் கசகசக்காது. ஆனால் அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசர் வேலை செய்யவில்லை என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். மச்சினருக்காகத் தாம்பரம், காற்றுக்காகக் கோவை என்று இழுபறி இருந்தால், நான் ஆளைத்தான் பார்ப்பேன்.

பணக் கணக்கு சுருக்கமாக. சென்னை, கோவை, திருச்சியில் சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் மருத்துவத் திட்டம்) உண்டு, கார்டை மாற்றிக்கொள்ளலாம். வீடு பார்க்கும்போது டிஸ்பென்சரி எத்தனை தூரம் என்றும் பாருங்கள், மாதா மாதம் நடக்க வேண்டியவர் நீங்கள். ஓய்வு பெற்று வேறு ஊரில் குடியேறினால் பயணச் செலவு, சாமான் லாரிச் செலவு போக, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் இடமாற்ற மானியமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வருஷத்துக்குள் குடிபெயர வேண்டும். பலர் இந்தக் கெடுவுக்குப் பயந்துதான் அவசரப்பட்டு விற்கிறார்கள். உங்களுக்கு அது அவசரம் அல்ல, அவகாசம். விற்றுவிட்டால் வேறு கெடு வரும். லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்க முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பிடிக்காமல் டெல்லிக்குத் திரும்பினால் இங்கேயும் ஒரு முறை தண்டம் அழ வேண்டும்.

அப்புறம் ஒன்று. எல்லாம் மனைவிக்காகத்தான் என்கிறீர்கள், அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதவில்லை. ஓய்வு பெறுவது நீங்கள். அவருடைய நாள் மார்ச் 31-க்குப் பிறகும் அப்படியே நடக்கப் போகிறது: மதர் டெய்ரி பால் பூத், காய்கறி விற்கும் சப்ஜிவாலாவிடம் ஹிந்தியில் பேரம், சொசைட்டிப் பெண்களின் பாராயணம், ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் வந்திறங்கும் பேரன். இதையெல்லாம் விட்டுவர அவருக்கு இஷ்டமா? இஷ்டம் என்றால் சரி. கேட்காமலே வீட்டை விற்றால், அதற்குப் பிறகு வரும் இழுப்புக்கு இன்ஹேலர் கிடையாது.

என் யோசனை இது. ஏப்ரலில் இருவரும் கிளம்புங்கள். மச்சினர் வீட்டில் தங்காதீர்கள், விருந்தாளிக்கு ஊர் பிடிபடாது. பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஜூன் கடைசி வரை குடித்தனம் நடத்துங்கள். அந்த மூன்று மாதத்தை உங்கள் மனைவி தாண்டிவிட்டால், வருஷம் முடிவதற்குள் லாரி சொல்லிவிடலாம். தாண்டவில்லையென்றால் டெல்லி வீடு பூட்டியபடி காத்திருக்கும். தீபாவளிக்கு முன் கிளம்பி ஜனவரி கடைசி வரை மட்டும் தெற்கே இருந்துவிட்டு வாருங்கள். ஆள் முக்கியம் என்றது நிரந்தரமாகக் குடியேறுவதற்கு. அந்த மாதங்களில் சென்னையில் மழையும் வெள்ளமும் என்பதால், இந்தச் சில மாதத் தங்கலுக்குக் கோவையே மேல். கேரளா எக்ஸ்பிரஸ் நேரே போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், தீபாவளிக் கூட்டத்தில் கீழ் பெர்த் வேண்டுமென்றால் முதல் நாளே உட்கார்ந்துவிடுங்கள்.