பேரவையில் சாவு எங்கே வந்தது? சில லத்தீன் கேள்விகள்

கேள்வி: சட்டப்பேரவை 'சைனி டை' ஒத்திவைப்பு என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். இதில் 'டை' எதற்கு? சாவா?

பதில்: யாரும் சாகவில்லை. லத்தீனில் 'சைனி' என்றால் இல்லாமல், 'டை' என்றால் நாள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொல்லாமல் அவையைத் தள்ளிவைப்பது. நம் நாளிதழ்கள் எழுதும் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' இதற்கு அச்சான தமிழ். இப்படி ஒத்திவைப்பவர் சபாநாயகர். கூட்டத்தொடரை முடித்துவைப்பவர் ஆளுநர். முடித்துவைக்கும்வரை சபாநாயகர் பேரவையை மறுபடி கூட்டலாம். இரண்டையும் குழப்பும் செய்தியைக் கண்டால் என் கை சிவப்புப் பேனாவைத் தேடும்.

கேள்வி: 'ஹேபியஸ் கார்பஸ்' என்பதில் கார்பஸ் உடல்தானே? தமிழில் ஏன் 'ஆட்கொணர்வு'?

பதில்: சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உடலை நீ கொண்டிருப்பாயாக'. ஒருவரை அடைத்துவைத்திருப்பவருக்கு இங்கிலாந்து நீதிமன்றங்கள் இட்ட ஆணையில் வரும் சொற்கள் இவை. அங்கே 1679-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டில் அரசமைப்பின் 32-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையும், 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். அடைத்தவர் காவல் துறையாகட்டும், தனி ஆளாகட்டும், பிடித்துவைத்தவரை நீதிபதி முன் நிறுத்தச் சொல்வதே ஆணை. ஆக, கார்பஸ் இங்கே உயிருள்ள ஆள். 'உடற்கொணர்வு' என்று பெயர்த்திருந்தால் மனு பிணவறைக்குத்தான் போயிருக்கும். 'ஆள்' என்ற சொல்லைப் பிடித்த புண்ணியவான் யாரோ, பொருளறிந்தவர்.

கேள்வி: 'சுவோ மோட்டோ' சரியா, 'சுவோ மோட்டு' சரியா?

பதில்: மோட்டு. யாரும் மனுப் போடாமல் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுப்பது. அமெரிக்க நீதிமன்றங்களில் வேறு லத்தீன்: 'சுவா ஸ்பான்டே'.

கேள்வி: கல்விக் கடனுக்கு 'போனஃபைட்' கேட்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

பதில்: லத்தீனில் 'நல்ல நம்பிக்கையோடு'. அதிலிருந்து ஆங்கிலத்தில் 'உண்மையான' என்ற பொருளும் வந்தது. இவர் எங்கள் உண்மையான மாணவர் என்று கல்லூரி தரும் தாள் அது. முறையாக இரண்டு சொற்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் ஒட்டியே அச்சிடுகிறார்கள். பேச்சில் 'சான்றிதழ்' உதிர்ந்து, அடைமொழியே தாளுக்குப் பெயராகிவிட்டது. பிரிட்டிஷ் உச்சரிப்பு 'போனா ஃபைடி'. அலுவலகச் சன்னலில் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். அப்படியொரு தாள் இங்கே தருவதில்லை என்று எழுத்தர் அனுப்பிவிடுவார்.