புரதம் மடிவது எப்படி, மடிந்தது நிற்பது எதனால்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

அல்சூர் பிளஸ் டூ மாணவி: அக்கா, புரதத்தின் வடிவத்தைத் தாங்குவது ஹைட்ரஜன் பிணைப்புதானே?

பாதிதான் சரிம்மா. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் புரதம்; அது சுருண்டு தன் வடிவத்துக்கு வருவதுதான் மடிப்பு. சங்கிலி விரிந்து கிடக்கும்போதும் அதே அணுக்கள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டுதான் இருக்கும். மடியும்போது தண்ணீரை விட்டு ஒன்றையொன்று பிடிக்கின்றன. நிகர லாபம் சொற்பம். பெரிய தள்ளு தண்ணீரிலிருந்து வருகிறது. லூசின், வாலின் மாதிரி அமினோ அமிலங்களின் எண்ணெய்த் தன்மையுள்ள பக்கக்கிளைகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுப்பட்டு நிற்கும். கிளைகள் உள்ளே ஒதுங்கினால் அந்தத் தண்ணீர் விடுபடும், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடும். ஆனால் உள்ளே போகும் முதுகெலும்பின் (சங்கிலியின் நடுத்தண்டின்) என்எச், சிஓ தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஜோடியில்லாமல் நின்றால் நஷ்டம் பெரிது. அவற்றுக்கு ஜோடி கொடுக்கத்தான் ஆல்பா சுருளும் பீட்டா தகடும். எல்லாம் கூட்டிக் கழித்தால் மடிந்த வடிவத்துக்கு மிஞ்சும் நிலைப்பு பெரும்பாலும் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். அவ்வளவு மெல்லிய வரப்பு.

மல்லேஸ்வரம் எம்எஸ்சி மாணவர்: ராமச்சந்திரன் வரைபடத்தில் பெரும்பகுதி ஏன் காலி?

புரத முதுகெலும்பின் இரண்டு சுழற்சிக் கோணங்களை எதிரெதிரே வைத்துப் போடும் படம் அது. காலியான கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். 1963-ல் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணன், சசிசேகரனும் சென்னையில் போட்ட கணக்கு அது. பின்னால் அவர் நம்மூர் ஐஐஎஸ்சிக்கு வந்தார். உங்கள் புரத மாதிரியில் கிளைசின் (பக்கக்கிளை வெறும் ஹைட்ரஜன், முட்டல் குறைவு) அல்லாத அமினோ அமிலம் ஒன்று காலியிடத்தில் விழுந்தால், முதலில் மாதிரியைச் சந்தேகப்படுங்கள்.

பானஸ்வாடி வாசகி: நந்தினி பால் கொதித்தாலும் திரிவதில்லை, எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது. முட்டை மட்டும் சூட்டிலேயே இறுகுவது ஏன் மேடம்?

பாலின் முக்கியப் புரதமான கேசினுக்கு நிலையான மடிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சூடு கலைப்பதற்கு எதுவும் இல்லை. அதன் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. எலுமிச்சையின் அமிலத்தால் பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது நிகர மின்சுமை போய்விடும், ஒட்டிக்கொள்ளும். முட்டை வெள்ளையின் ஒவால்புமின் மடிந்த புரதம்: 80 டிகிரி வாக்கில் விரிந்து, உள்ளே இருந்த எண்ணெய்ப் பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பனீருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சிவிட்டுப் பிழியுங்கள். சூட்டில் விரிந்த மோர்ப்புரதமும் (இல்லாவிட்டால் தெளிநீரோடு போய்விடும் புரதம்) கேசினோடு சேர்ந்து வரும், எடை கூடும்.

யஷ்வந்த்பூர் ஆய்வக மாணவர்: ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த புரதம் முழுக்க இன்க்ளூஷன் பாடியாகிறது (கரையாத கட்டி). 8 மோலார் யூரியாவில் கரைகிறது, யூரியாவை மெல்ல வெளியேற்ற டயாலிசிஸ் (சவ்வு வழியே வடித்தல்) செய்தால் வெள்ளையாகப் படிகிறது. நான்கு சிஸ்டீன் (கந்தகமுள்ள அமினோ அமிலம்) உண்டு. எப்படி மடிய வைப்பது?

படிவதற்குக் காரணம் அந்த டயாலிசிஸ்தான் தம்பி. யூரியா 4-லிருந்து 2 மோலாருக்கு மெல்ல இறங்கும்போது அரைகுறையாக மடிந்த மூலக்கூறுகள் நெருக்கமாக, நெடுநேரம் கிடக்கின்றன. மடிவது தனி வேலை, திரள்வதற்கு ஆள் சேர வேண்டும். அதனால் செறிவைக் குறைத்தால் மடிப்பு ஜெயிக்கும். கரைக்கும் யூரியாவிலேயே 10 மில்லிமோலார் டைதயோதிரெய்ட்டால் போட்டுத் தவறான டைசல்ஃபைடுகளை (இரண்டு சிஸ்டீனை இணைக்கும் கந்தகப் பிணைப்புகளை) உடையுங்கள். பிறகு 4 டிகிரியில் கலக்கிக்கொண்டே பஃபரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பஃபர் பிஎச் 8.0–8.5, ஆர்ஜினின் 0.4 மோலார், ஒடுக்கிய குளூட்டாதயோன் 2, ஆக்சிஜனேறியது 0.4 மில்லிமோலார். இறுதியில் புரதம் மி.லி.க்கு 0.05 மி.கி.க்கு மேல் வேண்டாம்.

ஒடுக்கிய குளூட்டாதயோன் ஏன் என்றால், தப்பாகச் சேர்ந்த ஜோடி பிரிந்து மறுபடி சேர வேண்டும். விஞ்ஞானி அன்ஃபின்சன் விரித்து மீண்டும் மடிய வைத்த ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் எட்டு சிஸ்டீன், 105 விதமாக ஜோடி சேரலாம். யூரியாவுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றினால் செயல்பாடு ஒரு சதவீதம்தான். யூரியாவை எடுத்துவிட்டுத் துளி மெர்காப்டோஎத்தனால் சேர்த்ததும் மீண்டது. உங்களுக்கு மூன்றே விதம், கவலை குறைவு.

யூரியாவை அன்றன்றே கரையுங்கள், சூடாக்காதீர்கள். சயனேட் உண்டாகி லைசினில் ஒட்டும். இதற்கெல்லாம் முன்னால் 18 டிகிரி, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்), ஒரு ராத்திரி வளர்த்துப் பாருங்கள். சைட்டோபிளாசத்தில் டைசல்ஃபைடு லேசில் உருவாகாது என்பதால் பெரிப்பிளாசத்துக்கு (பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட இடத்துக்கு) அனுப்பும் சிக்னலும் நல்ல வழி.

வைட்ஃபீல்டு மென்பொருள்காரர்: ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு மடிப்புப் பிரச்சினை முடிந்துவிட்டதா?

அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் அந்த ஏஐ மென்பொருளில் முடிவு வடிவம் கிடைக்கிறது, அதைச் செய்தவர்களுக்கு 2024 வேதியியல் நோபலில் பாதியும் கிடைத்தது. மடியும் பாதை கிடைப்பதில்லை. பிஎல்டிடிடி (கணிப்பின் நம்பகத்தன்மைக்கு அது தரும் 100-க்கான மதிப்பெண்) 50-க்குக் கீழே இருக்கும் பகுதியில் தெரியும் நூடுல்ஸை வடிவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது ஒழுங்கற்ற பகுதி. ஒற்றை மாற்றம் புரதத்தைத் தளர்த்துமா என்றும் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு உருகு வெப்பநிலையை (பாதிப் புரதம் விரியும் சூட்டை) அளக்கத்தான் வேண்டும்.